தொடாமல் இருக்க வேண்டிய பதினோரு வேலைகள்

சென்னையிலிருந்து வேலை உத்தரவு வந்த அன்று வீட்டில் எல்லாரும் சம்பளத்தைப் படித்தார்கள். நான் நான்காம் பக்கத்தைப் படித்தேன். சேரும் நாளிலிருந்து நான் எழுதும் கம்ப்யூட்டர் நிரல் எதுவானாலும், ஆபீசில் எழுதினாலும் வீட்டில் எழுதினாலும், அது கம்பெனிக்குச் சொந்தம் என்று அதில் போட்டிருந்தது. வெளியில் யாருக்கும் எழுதித் தரக்கூடாது, இலவசமாகக்கூட. சேர எட்டு வாரம் இருந்தது. அந்த எட்டு வாரமும் நான் ஒரு இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

இது இரண்டாயிரங்களின் நடுவில். வில்லாபுரத்தில் அம்மாவோடும் அண்ணனோடும் இருந்தேன். மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தேன். போக இரண்டு டவுன் பஸ், வர இரண்டு டவுன் பஸ். காத்திருப்பது எனக்குப் பிறவியிலேயே ஆகாது. பால் பொங்கும் வரை அடுப்படியில் நிற்கச் சொன்னால்கூட நடுவில் போய் வாசல் பெருக்கிவிட்டு வருவேன், பாலும் பொங்கி வழிந்திருக்கும். அந்த எரிச்சலில் எழுதியதுதான் பஸ் நேரம் சொல்லும் நிரல். கிளம்பும் ஊர், போகும் ஊர், நேரம் மூன்றையும் கொடுத்தால் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று சொல்லும். நேரங்களையெல்லாம் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டாக நின்று நோட்டில் எழுதிச் சேர்த்தேன்.

அண்ணன் பழங்காநத்தத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஆறு மெஷின், ஒவ்வொன்றுக்கும் இடையில் பிளைவுட் தடுப்பு. அங்கே என் நிரலைப் போட்டு வைத்திருந்தான். "அண்ணே, திருமங்கலத்துக்கு இப்ப வண்டி இருக்கா?" என்று வாசலிலிருந்தே கேட்பவர்களுக்கு அவனே பார்த்துச் சொல்வான். இன்னும் சில ஊர்களில் சில சென்டர்காரர்களும் இறக்கி வைத்துக்கொண்டார்கள்.

நிரலை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படிதான் போட்டிருந்தேன். அதன் எல்லாக் கோப்புகளும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் ஒரே இடத்தில் இருக்கும். களஞ்சியம் என்போம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை எனக்கு அனுப்பலாம். திறந்த மூலம் என்று பெயர். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட ஒரு வரி அனுப்பவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்கு வசதியாகவே இருந்தது.

இப்போது வசதி போய்விட்டது. பஸ் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். யாரும் கை வைக்காமல் விட்டால் ஆறு மாதத்தில் என் நிரல் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். ஒரு வருடத்தில் அண்ணனே அதை மெஷின்களிலிருந்து எடுத்துவிடுவான். எட்டு வாரத்துக்குள் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், ஒரே ஓர் ஆள். அப்படி ஒருவர் வருவதற்கு முதலில் வாசலை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று தோன்றியது.

புதிதாக வருபவருக்கு என்ன வேண்டும்? நிரலை இறக்கி, தன் மெஷினில் ஓட வைக்க, படிப்படியான குறிப்பு வேண்டும். நான் ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதி, அது சரியா என்று பார்க்க அண்ணனைப் பிடித்தேன். அவனுக்கு மெஷினைப் பிரித்து மாட்டத் தெரியும், நிரல் எழுதத் தெரியாது. எனக்கு வேண்டியதும் அப்படி ஓர் ஆள்தான்.

மதிய நேரம், கடையில் கூட்டமில்லை. அண்ணன் ஆறாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்து என் குறிப்பை வாய்விட்டுப் படித்தான். மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். அதில் சொல்லியிருந்த ஃபோல்டர் என் வீட்டு மெஷினில் மட்டும்தான் இருந்தது. நான் அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன்.

"ஏய், மவுஸைக் குடு" என்றான். "நான் தட்டுத் தடுமாறி நிக்கிறதைப் பாக்கத்தானே என்னைய உக்கார வச்ச? நீயே செய்யிறதுக்கு நான் எதுக்கு?"

"ஒரு நிமிசம்ணே, இது மட்டும்."

"வர்றவன் வீட்டுக்கு எல்லாம் நீ போயி மவுஸப் பிடுங்குவியா?"

கடையில் வாடிக்கையாளர் முன்னால் நாங்கள் தமிழில் சண்டை போடுவோம். மற்றவர்களுக்கும் புரியும் என்ற பயத்தில் கொஞ்சம் நாகரிகமாக இருக்கும். வீட்டுக்குப் போனால் எங்கள் சௌராஷ்டிர மொழியில் தொடரும், அங்கே நாகரிகத்துக்கு வேலை இல்லை. அன்று கடையிலேயே பேச்சு தடித்தது. கடைசியில் அவன் ஒரு சட்டம் போட்டான். அவன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் நான் கடையை விட்டு வெளியே போய்விட வேண்டும். தெருமுனை வண்டியில் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதற்குள் அவன் எந்த வரியில், ஏன் நின்றான் என்று ஒரு தாளில் எழுதி வைப்பான்.

முதல் நாள் நான்கு டம்ளர் பருத்திப்பால் குடித்தேன். வண்டிக்காரர், "என்னத்தா, வயிறு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார். வெளியே நின்று கடையின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே அண்ணன் தலையைச் சொறிவது தெரியும். எந்த வரி என்று ஊகித்துப் பல்லைக் கடிப்பேன். பத்து நாளில் ஒரு பக்கக் குறிப்பு ஐந்து பக்கமானது. அண்ணன் ஒரு தடவைகூட நிற்காமல் ஓட வைத்த அன்று நான் அவன் எழுதி வைத்த தாள்களை அடுக்கி எடுத்து வைத்தேன். அவன் கடை ஷட்டரை இறக்கப் போய்விட்டான்.

அடுத்தது வேலைப் பட்டியல். திறந்த மூல உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிரலில் இருக்கும் குறைகளில் சுலபமானவற்றை, சொந்தக்காரர் தானே அரைமணியில் முடிக்கக்கூடியவற்றை, முடிக்காமல் விட்டுவைப்பார்கள். புதிதாக வருபவர் அதில் கை வைத்துப் பழகட்டும் என்று. நானும் பதினோரு வேலைகளைப் பொறுக்கி எடுத்து, "புதியவர்களுக்கு" என்று தலைப்பிட்டு இணையத்தில் போட்டேன். குறை இருக்கிறது என்று தெரிந்தும் அதைச் சும்மா விட்டு வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. துவைக்க வேண்டிய துணியை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு அதைச் சுற்றி நடப்பது மாதிரி இருந்தது.

தமிழ்க் கணினி ஆர்வலர்களின் மடல் குழு ஒன்றில் அறிவிப்புக் கொடுத்தேன். நான்கு பேர் வாழ்த்தினார்கள். ஒருவர் நிரலின் பெயரை மாற்றச் சொன்னார். வேலை எடுக்க யாரும் வரவில்லை. ஆறாம் நாள் உசிலம்பட்டியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறவர். நாற்பது வயது. கம்ப்யூட்டர் வந்த பிறகு டைப்ரைட்டருக்கு ஆள் குறைந்துவிட்டதால் மூன்று மெஷின் வாங்கிப் போட்டு, தானே புத்தகம் பார்த்து நிரல் எழுதப் படித்தவர். பட்டியலில் ஏழாவது வேலையை எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். சந்தை நாளில் அந்தப் பக்கத்து டவுன் பஸ்கள் சில பஸ் ஸ்டாண்டுக்கு வராமல் சந்தைக்குள்ளிருந்தே திரும்பிவிடும். என் நிரலுக்கு அது தெரியாது. அதைச் சரிசெய்வதுதான் ஏழாவது வேலை. கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். பண்டிகை வந்தால் சந்தை நாள் மாறுமே, அதற்கு என்ன செய்யலாம்?

நான் சந்தோஷத்தில் குதித்தேன். ஆள் கிடைத்தாயிற்று. அவர் கேள்விக்கு, "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆரம்பியுங்கள்" என்று ஒரு வரியில் பதில் போட்டேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தேன். கல்லூரி லேப்பில் திறந்தேன். அண்ணன் கடையில் திறந்தேன். ஒரு வாரம் ஆனது. எழுதிக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் பயந்து ஓடிவிடுவாரோ என்று விட்டேன். இரண்டாவது வாரம் ஆளே இல்லை என்று முடிவு செய்தேன். இந்த மாதிரி எத்தனை பேர் ஆசையாக வந்து காணாமல் போவார்கள், எனக்குத் தெரியாதா என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மாவுக்கு யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியாது. "முதல்ல உக்காந்து சாப்பிடு" என்றாள். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அவர் எழுதிய பதினேழாம் நாள் கல்லூரியில் பரீட்சை, எனக்கு மதியம் வேலை இல்லை. லேப்பில் உட்கார்ந்து ஏழாவது வேலையை நானே முடித்தேன். நாற்பது வரிகூட இல்லை. உசிலம்பட்டிச் சந்தை வாரத்தில் எந்தக் கிழமையோ அந்தக் கிழமையை நிரலுக்குள்ளேயே எழுதி, அன்றைக்கு மட்டும் வேறு பாதை காட்டச் சொன்னேன். ஒரு மணி நேரம். களஞ்சியத்தில் ஏற்றி, பட்டியலில் "முடிந்தது" என்று போட்டேன். நாக்கில் குத்திக்கொண்டிருந்த முள் வெளியே வந்த மாதிரி இருந்தது. அந்தச் சுகத்தில் இரண்டாவது, ஐந்தாவது, ஒன்பதாவது வேலைகளையும் முடித்துவிட்டு பஸ் ஏறினேன். புதியவர்களுக்கு என்று எடுத்து வைத்ததில் நான்கை நானே தின்றாயிற்று.

அடுத்த ஐந்தாம் நாள் அவர் வந்தார். மின்னஞ்சலில் அல்ல, நேரில்.

அண்ணன் கடையின் முகவரியைத்தான் குறிப்பின் கடைசியில் கொடுத்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பை. உயரமாக, நிதானமாக, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உசிலம்பட்டி என்று சொன்னதும் நான் சட்டென்று எழுந்தேன்.

"மேடம், மெயிலு அனுப்பலாம்னுதான் பாத்தேன். எங்க ஊருல நெட்டு அடிக்கடி போயிருது. அதான் நேர்லயே குடுத்துட்டுப் போவம்னு வந்தேன்" என்று பென் டிரைவை எடுத்தார். "மூணு சந்தை நின்னு பாத்துட்டேன். ரெண்டு சந்தை சரியா வந்துச்சு, மூணாவதுல ஒரு வண்டி ஒத்து வரல. அதையும் பஸ் ஸ்டாண்டு டயம் கீப்பரண்ணன்கிட்ட கேட்டுச் சரி பண்ணிட்டேன்."

மூன்று வாரம் சந்தைக்குள் நின்று, ஒவ்வொரு பஸ்ஸாகக் குறித்து, நிரல் சொல்வதோடு ஒத்துப் பார்த்திருக்கிறார். முடிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர். நடுவில் ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும் என்று என் ஐந்து பக்கக் குறிப்பில் எங்கேயும் நான் எழுதவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்து பட்டியலைத் திறந்துவிட்டார். எந்த வேலையை முடித்தோமோ அதைப் பட்டியலில் குறித்துவிட்டுத்தான் கோப்பைக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன். ஏழாவது வேலைக்கு எதிரே "முடிந்தது" என்றும், பக்கத்தில் என் பெயரும் இருந்தது.

அவர் அதைப் படித்தார். தேதியையும் படித்தார். பிறகு பென் டிரைவுக்கு மூடியை மாட்டிப் பைக்குள் வைத்தார்.

"முடிச்சிட்டீகளா மேடம். நல்லது."

"இல்ல சார், நீங்க வரலைன்னு நெனச்சு..."

"அதுக்கென்ன மேடம். உங்களுது சட்டுன்னு முடிஞ்சிருச்சு. எனக்குத்தான் இம்புட்டு நாளு ஆயிருச்சு." செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன் மேடம்" என்று அண்ணனைப் பார்த்தும் தலையசைத்துவிட்டுப் போனார். பேச்சில் கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன், கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். "அவரு எடுத்துக்கிட்டேன்னு சொன்ன வேலையவா நீ செஞ்ச?"

நான் திரையில் இருந்த பட்டியலை மூடினேன்.

"ஒரு ஆளு வேணும், ஒரு ஆளு வேணும்னு ஒண்ணர மாசமா எங்க உசுர வாங்குன. வந்த ஆள வாசல்லயே அடிச்சு வெரட்டிட்டியே." வாடிக்கையாளர் முன்னாலேயே சௌராஷ்டிரத்தில் இன்னும் நாலு வார்த்தை சொன்னான். அத்தனையும் எனக்குப் பொருந்தியது. அன்று எனக்கு அழுகை வந்தது, அவமானத்தில் வந்த அழுகைதான்.

மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. சென்னைக்குக் கிளம்பப் பத்து நாள்தான் இருந்தது. மறுநாள் தீபாவளி. அம்மா அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டினேன்.

"நாளைக்குத் தீபாவளி. இன்னைக்கு எங்கடி கிளம்பிட்ட?" இது எங்கள் மொழியில், நான் இங்கே எழுதியிருப்பதைவிட மூன்று மடங்கு காரமாக.

"உசிலம்பட்டிக்கு."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தீபாவளிக் கூட்டம். நின்றுகொண்டே போனேன். செக்கானூரணி தாண்டியதும்தான் ஒரு கம்பியைப் பிடிக்க இடம் கிடைத்தது. உசிலம்பட்டியில் இறங்கி விசாரித்துப் போனால் தட்டச்சுப் பயிலகம் பூட்டியிருந்தது. பக்கத்துச் செல்போன் கடைக்காரர், அவருக்கு வீடு டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் ஒரு கிராமம், பண்டிகைக்குப் போயிருப்பார் என்றார்.

என் நிரல் காட்டும் உசிலம்பட்டி பஸ் நேரங்களின் அச்சுப் பிரதி பையில் இருந்தது. பதினொன்று பத்துக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு டவுன் பஸ் அந்த ஊர் வழியாகப் போகும் என்று அது சொன்னது. போய் நின்றேன். பதினொன்றரை. பன்னிரண்டு. பஸ் வரவில்லை. நான் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தேங்காய் நார் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "உக்காருத்தா, எனக்குக் கண்ணு சுத்துது" என்றாள். பன்னிரண்டே காலுக்கு டைம் கீப்பரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"அந்த வண்டி பதினொண்ணுக்கே போயிருச்சேம்மா" என்றார் அவர். "இன்னைக்குச் சந்தைல்ல? சந்தைக்குள்ள இருந்தே திரும்பிருக்கும்."

"இன்னைக்கு சந்தைக் கிழமை இல்லையே."

"சந்தைக் கிழமை நாளைக்கு. நாளைக்குத் தீபாவளி, எவன் சந்தைக்கு வருவான்? அதான் இன்னைக்கே கூட்டிட்டாக. வருசா வருசம் நடக்குறதுதானே."

நான்கு வாரத்துக்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு வரியில் தள்ளிவிட்டது. நாற்பது வரியில் ஒரு மணி நேரத்தில் முடித்த வேலை என்னை வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்திருந்தது. என்னை மட்டுமா என்று பயந்துபோனேன். வேறு ஊர் சென்டர்களில் யாரெல்லாம் இன்று காலை இதைப் பார்த்துக் கிளம்பினார்களோ. அந்தச் சுகம், முள் எடுத்த சுகம், அன்றோடு எனக்குச் செத்துப்போனது.

அடுத்த பஸ்ஸில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினார்.

"மேடம்! வாங்க, வாங்க. பண்டிகை நாளும் அதுவுமா இம்புட்டுத் தூரம்..."

"அண்ணே" என்றேன். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். "நான் செஞ்சது தப்பு. நீங்க எடுத்த வேலைய நான் தொட்டிருக்கக் கூடாது. தொட்டதும் தப்பாத்தான் செஞ்சிருக்கேன். இப்ப பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நின்னுட்டு வாரேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கும் வேறு வழி இல்லை.

பண்டிகை விடுமுறைக்குப் பயிலகத்து மெஷின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் தன் வேலையைக் காட்டினார். நிரலுக்குள் அவர் அதிகம் கை வைக்கவே இல்லை. சந்தை நாட்களைத் தனியாக ஒரு சாதாரணக் கோப்பில் எழுதியிருந்தார். ஒரு வரியில் ஊர், கிழமை. அடுத்த வரியில் பண்டிகை வந்தால் மாறும் நாள். நிரல் அந்தக் கோப்பைப் படித்துக்கொள்ளும்.

"நிரல் தெரியாத ஆளுகூட அவுக ஊருச் சந்தையச் சேத்துக்கலாம்ல மேடம்" என்றார். "எங்க டயம் கீப்பரண்ணனே ரெண்டு ஊரு எழுதிக் குடுத்தாரு, பாருங்க."

நான் ஐந்து பக்கம் எழுதியும் வராத புதியவர், நிரலே தெரியாத ஒரு டைம் கீப்பர், அந்தக் கோப்பில் ஏற்கெனவே இருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிட அதிகமாக நம்பிக்கை வந்தது. நிரலை நீங்களே முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். சென்னை, கம்பெனி, நான்காம் பக்கம் எல்லாம் சொன்னேன். மனைவி காபி போட்டுக் கொண்டுவரும் வரை அவர் யோசித்தார். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் மெதுவாத்தான் செய்வேன் மேடம்" என்றார் கடைசியில். "ஒருத்தர் ஒரு வேலைய எடுத்தா, அவரு முடிக்கிற வரைக்கும், இல்ல முடியலைன்னு சொல்ற வரைக்கும் வேற யாரும் தொடக்கூடாது. நீங்களுந்தான். இத உங்க குறிப்புல எழுதிப் போடுங்க. அப்பன்னாத்தான் நான் வாரேன்."

"எழுதுறேன்."

"எழுதுனா மட்டும் போதுமா? உங்க கை சும்மா இருக்காதே."

ஒரு மாதம்கூடப் பழகாத மனிதர் என் அம்மா மாதிரிப் பேசினார்.

சாயங்காலம் பழங்காநத்தம் திரும்பினேன். தெருவெல்லாம் வெடிச் சத்தம். அண்ணன் கடையைச் சாத்தப் போனவன் எனக்காகத் திறந்து வைத்தான். முதலில் என் நாற்பது வரியைத் திரும்ப எடுத்தேன். களஞ்சியத்தில் எந்த மாற்றம் செய்தாலும் காரணம் எழுத வேண்டும். "வேறொருவர் எடுத்த வேலையை நான் செய்தேன். தவறாகவும் செய்தேன்" என்று எழுதினேன். அது எப்போதும் அங்கேயே இருக்கும், அழிக்க முடியாது. பிறகு அவருடைய கோப்புகளை அவர் பெயரில் ஏற்றினேன். அவருக்கு எழுதும் உரிமை கொடுத்தேன். அவர் சொன்ன சட்டத்தைக் குறிப்பின் முதல் பக்கத்தில் போட்டேன். நான் தின்ற மற்ற மூன்று வேலைகளுக்கு ஈடாக வேறு மூன்றைத் தேடிப் பட்டியலில் வைத்தேன்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. சென்னையில் சேரப் பத்து நாள் இருந்தது, அதுவரை நான் எழுதலாம், யாரும் கேட்க முடியாது. அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எழுதும் உரிமை உள்ளவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை நானே எடுத்தேன். எடுத்த கையோடு கடையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்தால் திரும்பச் சேர்த்திருப்பேன்.

மூன்றாம் நாளே எனக்கு ஒரு குறை கண்ணில் பட்டது. ஒரே நிமிடத்தில் இரண்டு பஸ் கிளம்பினால் நிரல் ஒன்றை மட்டும்தான் காட்டுகிறது. என் தவறுதான், இரண்டு வருடமாக அங்கே இருந்திருக்கிறது. இப்போது நான் தொட முடியாது. எல்லாரையும் போல, நான் எழுதிய குறிப்பைப் படித்து, திருத்தத்தைக் கோப்பாக அவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. நான்கு நாளும் வீட்டில் யாரும் என் பக்கம் வரவில்லை.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. "மேடம், நன்றி. இதைச் சேர்க்க இயலவில்லை. திருத்தம் சரியா என்று பார்க்கும் பரிசோதனை இணைக்கப்படவில்லை. ஒரு குறைக்கு ஒரு திருத்தம்தான் அனுப்ப வேண்டும், தாங்கள் வேறு மூன்று இடங்களையும் மாற்றியுள்ளீர்கள். வழிகாட்டிக் குறிப்பின் மூன்றாம் பகுதியைப் பார்க்கவும்."

மூன்றாம் பகுதியை நான்தான் எழுதினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினை உடைக்காததுதான் மிச்சம். என் நிரல், என் குறிப்பு, என்னையே படிக்கச் சொல்கிறார். ஆத்திரம் அடங்க ஒரு மணி நேரம் ஆனது. அடங்கியதும் அவர் சொன்னதெல்லாம் சரி என்று தெரிந்தது. நான் போனாலும் இது நடக்கும் என்று முதன்முதலாக அன்றுதான் நம்பினேன். திருத்தி அனுப்ப உட்கார்ந்தேன். பெட்டி கட்ட வேண்டியிருந்தது, கல்லூரியில் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது. பரிசோதனை பாதியில் நிற்கும்போதே ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முடியவில்லை என்று அவருக்கு ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்பினேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் யாருக்கும் எழுதியதில்லை.

சென்னையில் சேர்ந்த பிறகு பார்க்க மட்டும்தான் முடியும். பார்த்தேன். என் பாதி வேலையை அவர் "புதியவர்களுக்கு" என்ற பட்டியலில் கடைசியாகச் சேர்த்திருந்தார். பக்கத்தில் யார் பெயரும் இல்லை. தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்ப்பேன். அரைமணி வேலை. கை அரிக்கும். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வேன். கார்த்திகை போனது, மார்கழி போனது, அது அப்படியே கிடந்தது.

தை பாதியில் ஒரு மதியம் திறந்தால் "முடிந்தது" என்று இருந்தது. எதிரே ஒரு பெயர், நான் கேள்விப்படாத பெயர். காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், அவருக்கு அதுதான் முதல் வேலை. நான் எழுதிய பாதியை எடுத்துக் கடாசிவிட்டு வேறு வழியில் செய்திருந்தார். என்னுடையதைவிடச் சின்னதாக, சுத்தமாக இருந்தது. உசிலம்பட்டிக்காரர் கீழே அவருக்கு ஒரு வரி எழுதியிருந்தார், அடுத்து எந்த வேலை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று. அதற்கு அந்தப் பெண், இரண்டு வேலையின் எண்களைச் சொல்லி, இரண்டையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. முதலில் வயிறு எரிந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷம் மெதுவாகத்தான் வந்தது, மூன்றாவது நாள், பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் அந்தப் பக்கத்தைத் திறப்பதை நிறுத்திவிட்டேன்.